இன்னாசிராஜ் சொன்ன சாவுச் செய்தி

கடலூரில் யார் செத்தாலும் முதல் போன் இன்னாசிராஜுக்கு வரும். அடுத்த போன் எனக்கு. நான் ஆட்டோ ஓட்டுவேன், அவர் பின்சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். முதுநகரில் ஆரம்பித்து மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், செம்மண்டலம் என்று செத்தவருக்குச் சொந்தபந்தம் இருக்கிற தெருவெல்லாம் சுற்றுவோம். என் பேர் வைத்திலிங்கம், ஊர் கீரப்பாளையம். நெல் பயிரை நம்பிப் பிழைக்க முடியாமல் வண்டிக்கு வந்தவன். அவர் மனைவி ஆரோக்கிய ராணியை அக்கா என்று கூப்பிடுவேன். அதனால் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான். அவர் மாதா கோயிலுக்கும் நான் மாரியாத்தா கோயிலுக்கும் போவது இந்த உறவுக்குக் குறுக்கே வந்ததில்லை.

தெருமுனை வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்வார். "செத்தவுங்க பேரு வண்டிச் சத்தத்துல போவக்கூடாது மச்சான்" என்பார். பேரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். குழாயடியில் குடம் பிடிக்கிறவள் குழாயை மூடுவாள். டீக்கடைக்காரர் பாட்டைக் குறைப்பார். அப்புறம்தான் "இயற்கை எய்தினார்" என்றோ "இறைவனில் இளைப்பாறினார்" என்றோ முடிப்பார். முன்பின் தெரியாத ஆளும் அந்தக் குரலைக் கேட்டால் நின்று தலைகுனிவான்.

அந்தக் குரலைத் தேடித்தான் செம்மண்டலத்து அறிவழகன் வந்தான். கார்ட்டூன் போடுகிறவன். சென்னையில் ஒரு டிவி சேனலுக்கு 'கொக்குப்பட்டி நகராட்சி' என்று ஒரு தொடர் செய்துகொண்டிருந்தான். ஊர்முழுக்கப் பறவைகள். கொக்கு சேர்மன், ஆந்தை கமிஷனர், கான்ட்ராக்ட் எடுக்கிற கழுகு. ஒவ்வொரு வாரமும் ஆரம்பத்தில் ஒரு காக்கா ஆட்டோவில் வந்து, ஊரில் அன்றைக்கு எது செத்தது என்று மைக்கில் சொல்லும். செத்தது ஆள் இல்லை. தண்ணீர்த் தொட்டி, தார் ரோடு, பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்.

"தண்ணி டேங்கு செத்துப்போச்சுன்னு சொல்லணுமா?" என்று மாமா கேட்டார்.

"ஆமா மாமா. நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க. சிரிக்க வைக்கணும்னு எதுவும் செய்யாதீங்க."

அக்கா போட்ட டீயைக் குடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னான். மாமாவுக்கு நகைச்சுவை பிடிபடவில்லை. ஆனால் வேலை என்று வந்தபின் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். "கொக்குப்பட்டி மேம்பாலம் அவர்கள், திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் அகால மரணமடைந்தார்" என்று வாசித்து, எப்போதும் போல நடுவில் நிறுத்தினார். அந்த இடத்தில் தமிழ்நாடே விழுந்து விழுந்து சிரித்தது.

கட்சிக்காரர்கள் கேஸ் போட்டார்கள். சேனல் வாசலில் கொக்குப் பொம்மையைக் கொளுத்தினார்கள். உடனே பேப்பர்காரர்களுக்குக் கொண்டாட்டம். நையாண்டி செய்ய உரிமை உண்டா, கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கா பெரியவர்களுக்கா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு வாரப் பத்திரிகையில் 'அந்தக் காக்காவின் குரல் மக்களாட்சியின் ஒப்பாரி' என்று போட்டிருந்தது. ஒப்பாரி வைத்தவர் அப்போது முதுநகர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். அவர் பேரை ஒருத்தனும் எழுதவில்லை.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். புதுப்பாளையத்தில் ஒரு பெரியவர் சாவுக்குப் போனோம். மாமா மைக்கைத் தொட்டதுமே ஜன்னல்கள் திறந்தன. "காக்காண்ணே, இன்னைக்கு எது செத்துச்சு?" என்று ஒருவன் கத்தினான். தெருவே சிரித்தது. செத்தவரின் மகன் ஓடிவந்து மைக் ஒயரைப் பிடுங்கினான்.

"எங்கப்பா சாவு ஒனக்குக் காமெடியாய்யா?"

மாமா ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடுவது குறைந்து, அப்புறம் நின்றே போனது. சாவு வீடுகளில் யாரோ ஒரு பெண் பேசிய ரெக்கார்டைப் போட ஆரம்பித்தார்கள். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அறிவழகனைப் பார்க்கப் போனார். என் குரலை எடுத்துவிடு தம்பி என்று கெஞ்சினார்.

"கொரலு சேனலுக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களே மாமா. இனிமே நீங்க வரவும் வேணாம். ஒங்க கொரல்லயே கம்ப்யூட்டர் பேசுது" என்றான் அவன்.

அதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா மட்டும் தன் தொண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அக்காவுக்கு அப்போதே சிறுநீரகம் கெட்டிருந்தது. டயாலிசிஸுக்குச் சிதம்பரம் போய்வந்தாள். மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருந்தவள். அவள் தைத்த ஜாக்கெட் இல்லாத வீடு அந்தப் பக்கம் குறைவு. ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். சாகப்போகிறோம் என்று தெரிந்தும் கிண்டலை விடவில்லை.

"ஏங்க, எனக்கு மட்டும் நீங்கதான் சொல்லணும். எவளோ பேசுன ரெக்கார்டப் போட்டீங்க, பொட்டியிலேருந்து எழுந்து வந்துடுவேன்" என்றாள் ஒருநாள். மாமா தலையாட்டினார்.

ஒரு புதன்கிழமை காலை, சிதம்பரம் ஆஸ்பத்திரியிலேயே அக்கா போய்ச்சேர்ந்தாள். உடலை முதுநகருக்குக் கொண்டுவந்து கிடத்திய கையோடு மாமா என் வண்டியில் ஏறினார். சாயங்காலம் அடக்கம். அதற்குள் அவளிடம் துணி தைத்தவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டும். வேண்டாம் மாமா என்று சொல்ல என் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மஞ்சக்குப்பத்தில், அவள் கடை இருந்த தெருவிலேயே எஞ்சினை நிறுத்தினேன்.

"தையல்காரர் ஆரோக்கிய ராணி அவர்கள்..." என்று சொல்லி மாமா நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் மாடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வாசல்களில் ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "கொக்குப்பட்டி காக்கா! விளம்பரத்துக்கு வந்திருக்கு!" ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் போட்டிருந்த பச்சை ஜாக்கெட் அக்கா தைத்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமா மைக்கை வாயருகே கொண்டுபோனார். இத்தனை வருஷத்தில் எழுதிவைத்ததை விட்டு ஒரு வார்த்தை அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"வெளம்பரம் இல்லம்மா. என் பொண்டாட்டி. நெசமாவே செத்துட்டா."

கைதட்டினார்கள். "செம ஆக்டிங் அண்ணே!" என்றான் ஒருவன். நான் இறங்கிப்போய் அவனை ஓங்கி அறைந்தேன். அதையும் படம் பிடித்தார்கள்.

அடக்கத்துக்கு எங்கள் தெரு ஆட்களும் மாதா கோயில் பங்குச் சாமியாரும் கோயில்காரர்களும் வந்தார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வருவார்கள், வருவார்கள் என்று மாமா பெட்டியை மூடவிடாமல் நிறுத்திவைத்திருந்தார். கடைசியில் சாமியார்தான் அவர் தோளைத் தொட்டு விலக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாமா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடியோவை வைத்துத்தான் விவாதம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கத்தினார்கள். விளம்பரத்துக்காகப் பொய்ச் சாவு அறிவிப்பதா, நையாண்டிக்கு எல்லையே இல்லையா என்றார் ஒருவர். இதுதான் உச்சகட்ட நையாண்டி என்றார் இன்னொருவர். பெண்கள் சார்பில் பேச வந்த ஒரு அம்மா எங்களை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மூன்று நாளாக அறிவழகனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் எடுக்கவே இல்லை.

கடைசியாகக் கொக்குப்பட்டித் தொடர் போடுகிற சேனல்காரர் பேசினார். கோட்டுப் போட்ட, பொறுமையான மனிதர்.

"அந்த வீடியோவை நாங்கள் வெளியிடவில்லை. எங்கள் காக்காவின் குரலை யாரோ திருடிச் செய்திருக்கிறார்கள். வழக்குத் தொடரப்போகிறோம். கடலூரில் விசாரித்துவிட்டோம். ஆரோக்கிய ராணி என்று ஒரு பெண் கிடையவே கிடையாது."

மாமா எழுந்துபோய் டிவியை நிறுத்தினார்.

"மச்சான், நாளைக்கு வண்டி எடுப்பியா?"

"எதுக்கு மாமா?"

"அவ செத்துட்டான்னு சொன்னேன், நம்பல. அப்புடி ஒருத்தி இருந்தான்னாவது சொல்லணும்."

எடுக்கிறேன் என்றேன். எடுத்தால் தெருவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.