ஆணி படாத சுவர்

வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்காரம்மா எங்களுக்குச் சமையலறையைக் காட்டவில்லை, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் காட்டவில்லை. நேராகக் கூடத்துச் சுவரருகே போய், பசுமாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுப்பதுபோல உள்ளங்கையால் அதை மேலிருந்து கீழே தடவினார். "கை வெச்சுப் பாரு பொண்ணு," என்றார். வைத்தேன். வெயில் காலத்திலும் சில்லென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது கை. "இது மேல ஒரு ஆணி படக்கூடாது. அதுக்கு ஒத்துக்கினா சாவிய வாங்கிக்கோ."

நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரர்கள். கல்யாணமான புதிது. என் கணவருக்கு ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ரயிலில் போய் வந்து அலுத்துப்போய்த்தான் திருப்பதியில் வீடு தேடினோம். கிடைத்தது இந்த மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். வீட்டைக் கட்டியவர் அவருடைய கணவர். கொத்தனார். ஊருக்கே அவர் மேஸ்திரி, பெண்டாட்டிக்கும் மேஸ்திரிதான். எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில், சுவர்ப் பூச்சை மட்டும் வேறு யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே இழைத்தாராம். நாங்கள் குடிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இறந்துபோயிருந்தார். ஆணியைப் பற்றி அவர் சொன்னதை அந்தம்மா அடிக்கடி சொல்வார்: "ஒரு ஆணி அடிச்சீன்னா அது சும்மா இருக்காது, பக்கத்துல இன்னொண்ணு கேக்கும்."

எனக்கோ வீட்டை அலங்கரிக்கும் பைத்தியம். கல்யாணத்துக்கு வந்த கடிகாரம், கண்ணாடி, படங்கள் எல்லாம் அட்டைப் பெட்டியில் கிடந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தன. பசை தடவி ஒட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "நீ மொகத்துல சேறு பூசிக்கினு போட்டோ எடுத்துக்குவியா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு நானாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். ஜன்னல் கம்பிக்கும் ஜன்னல் கம்பிக்கும் கயிறு கட்டி, பழைய பூனம் சேலைகளைத் திரையாக்கினேன். பரண் விளிம்பில் மடித்த போர்வையைத் தொங்கவிட்டு, மேலே பாரத்துக்கு அம்மிக்கல்லை வைத்தேன். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் நூலளவு இடைவெளி இருந்தது, அதில் ஈர்க்குச்சியைச் செருகி மாவிலை கட்டினேன். கண்ணாடியைத் தகரப் பெட்டி மேல் சாய்த்தேன். கல்யாணப் படங்களைக் காந்தம் வைத்து பீரோவில் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் வீட்டுக்காரம்மா மாடியேறி வருவார். கண் மட்டும் சுவரைத் துழாவும். ஒன்றும் அகப்படாது. பீரோவைப் பார்த்து, "செவுத்துக்குப் போட வேண்டிய நகையெல்லாம் இதுக்குப் போட்டுட்டியே, இனிமே இது உள்ள துணி வெக்க ஒத்துக்குமா?" என்பார். அந்தக் கிண்டலைக் கேட்பதற்காகவே நான் வாரம் ஒன்றை மாற்றி வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கீழ் வீட்டிலும் ஆணி கிடையாது. மேஸ்திரியின் பெரிய படம், கண்ணாடிச் சட்டம் போட்டது, ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சாய்த்து வைத்திருந்தது என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும், உட்கார்ந்துதான் இருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை, சின்ன விளக்கு இல்லை. காலையில் நாற்காலி வாசல் பக்கம் பார்த்திருக்கும். கீரை ஆயும்போது சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கும். சாயந்திரமானால் டி.வி.க்கு எதிரே. ஆணி கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் திவசம் நெருங்கியபோது ஒருநாள், வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில், மாடியேறி வந்தார். கையில் கறிவேப்பிலை இல்லை. ஒரே மகன் நாயுடுபேட்டையில் வேலை பார்க்கிறான், டிரில்லிங் மிஷினோடு வருகிறானாம். சொந்தக்காரர்கள் வருவதற்குள் அப்பா படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கு எரியவிட வேண்டுமாம். "உன்கிட்ட எதுனா வித்தை இருக்குதா பொண்ணு?" என்றார். சுவரில் ஓட்டை விழுமே என்றுதானே கவலை என்று கேட்டேன்.

"செவுரு கெடக்குது. மேல மாட்டிட்டா நான் அண்ணாந்து பாக்கணும். எனக்கு அது வராது. அவரு என்னைவிட நாலு விரல் குள்ளம். கல்யாண போட்டோவுல செங்கல்லு மேல ஏறி நின்னாரு, வேட்டி மறைச்சிக்கினு இருக்குது. அவர்கிட்ட குனிஞ்சு பேசித்தான் எனக்குப் பழக்கம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

திவசத்தன்று விடிந்ததும் கீழே போனேன். கூடத்தில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே நாற்காலியைச் சுவரோரம் போட்டோம். கம்பிக்குக் கம்பி கயிறு கட்டி, அந்தம்மாவின் அரக்குப் பட்டுச் சேலையைக் கொசுவம் கொசுவமாக எடுத்து, துணி கிளிப்பால் பின்னாலிருந்து பிடிக்கவைத்தேன். அதன்மேல் சாமந்திச் சரம். இரண்டு கைப்பிடியிலும் மல்லிகை. முன்னால் கோலம், குத்துவிளக்கு. "மாலைய நாற்காலிக்குப் போடு, அவருக்கு வேணாம்," என்றார். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மேஸ்திரிக்கு மறுபடியும் கல்யாணம் பண்ணி வெக்கிறியா?" என்றார். பட்டுக்கு முன்னால் வெள்ளைத் துண்டோடு மேஸ்திரி ஜோராகத்தான் இருந்தார்.

மகன் வந்தார். பையிலிருந்து மிஷினை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அலங்காரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல பிள்ளை, யார் மனதையும் நோகவைக்கத் தெரியாது. "நல்லாத்தான் இருக்குது மா. ஆனா பெரியப்பா வருவாரு, அத்தைங்க வருவாங்க. நைனாவ நாற்காலியில போட்டு வெச்சிக்கிறான் புள்ளன்னு பேசுவாங்க. ஒரே ஒரு ஓட்டை மா."

அந்தம்மா என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்த வித்தையெல்லாம் அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"சரேலே, ஆவட்டும்," என்றார். "எங்க மாட்டப்போறேன்னு மொதல்ல புடிச்சுக் காட்டு."

மகன் சேலையை ஒதுக்கிவிட்டுப் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, எட்டிய மட்டும் மேலே பிடித்தார். "இங்க?"

"எறக்கு."

கொஞ்சம் இறக்கினார்.

"இன்னும் எறக்கு."

"இதுக்கு மேல எறக்குனா கொழந்தைங்க கை படும் மா."

"படட்டும். எறக்கு."

படம் அந்தம்மாவின் முகத்துக்கு நேராக வந்தது. அவர் எதிரே போய் நின்று பார்த்தார். "மேஸ்திரி இவ்ளோ ஒசரம் இல்லடா," என்றார். மகன் முழங்காலை லேசாக மடக்கினார். "ம். நின்னா இவ்ளோதான். நெனச்சுப் பாரு, உன் நைனா இந்த வூட்ல எப்பனா நின்னுக்கினு பேசி இருக்காரா? வேலையிலேர்ந்து வந்தா குந்திக்குவாரு."

மகன் இன்னும் மடங்கினார். மடங்கி மடங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே விட்டார். படம் நாற்காலியின் உயரத்துக்கு வந்திருந்தது, அப்பாவின் முகமும் பிள்ளையின் முகமும் பக்கத்தில் பக்கத்தில். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் படத்தைப் பழையபடி நாற்காலியில் வைத்து, சேலைக் கொசுவத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப இந்த மிஷின எதுக்கு சொமந்துக்கினு வந்தேன்?"

"மாடி வூட்டுப் பொண்ணு கையில மட்டும் குடுத்துடாத. அது இதுக்குத்தான் காத்துக்கினு இருக்குது."

சொந்தக்காரர்கள் வந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பழக்கத்தில் தம்பியின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

இப்போது வடமாலபேட்டை தாண்டி எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு மறுநாளே ஆளை வரவழைத்து ஆசை தீர ஓட்டை போட்டோம். மேஸ்திரி சொன்னது சரி, ஒன்று இன்னொன்றைக் கேட்டது. சுவர் நிறைய மாட்டி வைத்திருக்கிறேன். ஆனால் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் தெரியாது. வெறும் கயிறும் கிளிப்பும் அம்மிக்கல்லும் வைத்து ஓட்டிய அந்த மாடி வீட்டில் எதை எங்கே வைத்திருந்தேன் என்பது மட்டும் இன்றைக்கும் அத்துப்படி.

வீட்டுக்காரம்மா இப்போது நாயுடுபேட்டையில் மகனோடு இருக்கிறார், வாடகை வீட்டில். போன வாரம் போன் பண்ணினேன். "இங்க வூட்டுக்காரரு மொத வார்த்தையே ஆணி அடிக்கக் கூடாதுன்னாரு பொண்ணு. எம்புள்ள மொகத்தப் பாக்கணுமே, சிரிப்ப அடக்கிக்கினு சரிங்கன்னான்," என்றார்.

மேஸ்திரி என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"பால்கனியில குந்திக்கினு இருக்காரு. எதுத்தாப்ல ஒரு கட்டடம் ஏறுது. பூச்சு சரியில்லைன்னு காலையிலேர்ந்து ஒரே மொணமொணப்பு."