வலது சக்கரத்து எலுமிச்சை

போர்வெல் எல்லாம் வற்றி, தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டாலே எங்கள் பேட்டை ஆஸ்டின் டவுன் முழுக்கக் குடத்தோடு ஓடிய கோடை ஒன்று வந்ததே, அது முடிந்து முதல் பெருமழை பெய்த வாரம். அந்தக் கோடையில் எங்கள் ஷெட்டில் வண்டி கழுவுவதையே நிறுத்தியிருந்தோம். சேறு காய்ந்த வண்டியை அப்படியே தூக்கி நிறுத்தி வேலை பார்த்தோம். கண்ணில் மண் விழுந்து விழுந்து, பாஷா பாய் வெயில் கண்ணாடியோடு வெல்டிங் செய்தார். பாஷா பாய் என் கூட்டாளி. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரேவதியின் ஜீப் வந்தது அந்த வாரம்தான்.

ரேவதி சேலத்துப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கனகபுரா பக்கம், பாறையிலும் பள்ளத்திலும் ஜீப் ஓட்டுகிற கூட்டத்தோடு போய்விடுவார். அன்று கணவர் கார்த்தியும் கூட வந்திருந்தார்.

“மேஸ்திரி, முன்னாடி ஒரு சக்கரம் கல்லு மேல ஏறுனா இன்னொண்ணு அந்தரத்துல தொங்குது. அது சும்மா சுத்துது, வண்டி அங்கேயே நிக்குது. போன தடவை டிராக்டர் வெச்சு இழுத்தாங்க.”

“மிச்சத்தையும் சொல்லு,” என்றார் கார்த்தி. அவரே சொன்னார்: “எங்க அபார்ட்மென்ட்ல ஒரே ஒரு பார்க்கிங்ணா. அதுல மகாராஜா மாதிரி இது நிக்குது. என் கார் ரோட்ல. புறா எச்சம் கழுவியே எனக்கு வயசாயிடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமையும் அதே பள்ளத்துல மாட்டுச்சுன்னா ஜீப்பை வித்துடறதுன்னு பேச்சு. இவளே ஒத்துக்கிட்டா.”

“மாட்டாதுன்னுதான் ஒத்துக்கிட்டேன்,” என்று ரேவதி என்னைப் பார்த்தார்.

நான் பம்பர் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். வண்டி அசையவில்லை.

“அரே, பாறாங்கல் மாதிரி இருக்கு,” என்றார் பாஷா பாய்.

கீழே படுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. உயரம் வேண்டும் என்று வேறு யாரோ, இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த முன் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். உயரம் வேறு, வளைந்து கொடுப்பது வேறு. மேடு பள்ளமான இடத்தில் மர ஸ்டூலைப் போட்டால் மூன்று காலில் நின்று ஆடும். கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பாருங்கள், லேசாக முறுகி நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொள்ளும். ஜீப்பின் முன்பக்கம் கட்டில் மாதிரி இருக்க வேண்டும்.

“செஞ்சிடலாம்மா,” என்றேன். சந்தேகமே இல்லாமல்தான் சொன்னேன்.

செய்த வேலை

கூடுதல் பட்டைகளை எடுத்துப்போட்டோம். மீதிப் பட்டைகளைப் பிரித்து, துரு தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்படி கிரீஸ் பூசினோம். ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் கண் மாதிரி வளையம் இருக்கும். அதற்குள், போல்ட் நுழைகிற ரப்பர் புஷ் காய்ந்து பொடியாகி இருந்தது. புதுசு போட்டோம். சக்கரம் கூடக் கீழே இறங்கப் போகிறது என்பதால் குலுக்கலை அடக்குகிற ஷாக்கும் நீளமாக, பிரேக் ஹோஸும் நீளமாக. ஹோஸை மறந்தால் பள்ளத்தில் இழுபட்டு அறுந்துவிடும், அப்புறம் பிரேக்கே கிடையாது. இரண்டு பக்கத்தையும் கட்டிப்போடுகிற ஆன்டி ரோல் பாருக்குக் கழற்றி மாட்டுகிற இரும்புப் பின் ஒன்று வைத்தோம்.

“காட்டுல கழட்டு. தார் ரோட்டுக்கு வந்ததும் மாட்டிடணும். மாட்டாம மேம்பாலத்துல வேகமா போனா வளைவுல சாய்க்கும்,” என்று ரேவதியிடம் சொன்னேன். அவர் அந்த இடத்திலேயே மூன்று முறை கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. தெருச் சாக்கடை நிரம்பித் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்தது. நான் வெல்டிங் மெஷினை மேடையில் ஏற்ற ஓடினேன். ஜீப் ஸ்டாண்ட் மேல், சக்கரம் தொங்க நின்றிருந்தது. பாஷா பாய் அதனடியில் இருந்தார்.

எலுமிச்சை

வண்டியை ஒப்படைக்கும்போது சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைத்து நசுக்குவது எங்கள் ஷெட்டில் உண்டு. பழம் வாங்கி வருவதும் பாஷா பாய்தான், அது அந்தக் காலத்திலிருந்து அப்படியே. வண்டி கிழக்கே பார்க்க வேண்டும் என்பதால் வாசலில்தான் நிறுத்துவோம். அங்கே இடது முன் சக்கரம் சாக்கடைக் கல் மேல் ஏறி நிற்கும், வலது பின் சக்கரம் வாசல் சிமெண்ட் மேட்டில் இருக்கும். அதாவது வண்டி கோணலாக நிற்கும்.

சனிக்கிழமை காலை அப்படி நிறுத்தி, பழம் வைத்து, ரேவதி வண்டியை மெதுவாக நகர்த்தினார். மூன்று பழம் நசுங்கியது. வலது முன் சக்கரத்துப் பழம் உருண்டு ஓரமாகப் போய் முழுசாகக் கிடந்தது.

கார்த்தி அதை எடுத்தார். “ஒண்ணு மிச்சம். ஜூஸ் போட்டுக்கலாம்.”

“கீழே இறங்கும்மா,” என்றேன். “வண்டி இப்ப போகாது.”

“ஏன் மேஸ்திரி, பழம்தானே? வேற வெச்சுக்கலாம்.”

“பழம் நசுங்கலைன்னா சக்கரத்துல பாரமே இல்லைன்னு அர்த்தம். இந்தச் சின்னக் கல்லுக்கே தூக்குதுன்னா நாளைக்கு அந்தப் பள்ளத்துல என்ன ஆகும்?”

பாஷா பாய் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“பாய், புஷ் போல்ட்டை எப்ப டைட் பண்ணே?”

“தண்ணி உள்ள வந்துடுச்சு. போல்ட்டு லூஸா விட்டுட்டு எப்படிப் போறது? அப்பவே முறுக்கிட்டேன்.”

“ஸ்டாண்ட் மேல இருக்கும்போதா?”

“ஹாங்,” என்றார் பாஷா பாய். அடுத்த நிமிஷம் அவரே தலையில் அடித்துக்கொண்டார். “யா அல்லா. தொங்கும்போது முறுக்கிட்டேனே.”

விஷயம் இதுதான். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்தபின் அது முறுகி நின்று ஸ்பிரிங்கை மேலே போக விடாது. இடது பக்கம் கல்லில் ஏறியும் ஸ்பிரிங் மடங்கவில்லை. அதனால் வலது பக்கம் தூக்கிக்கொண்டது.

வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போதே எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தினோம். முன்பக்கம் ஒரு விரல்கடை அளவு தானாகக் கீழே இறங்கியது.

“அட, மூச்சு விடுது,” என்றார் கார்த்தி.

பம்பரில் ஏறி ஆட்டினேன். இப்போது ஆடியது. அதன்பின் பாஷா பாயே இறுக்கினார், வேறு யாரையும் தொட விடவில்லை. மறுபடி வாசலில் நிறுத்தி, கார்த்தி கையிலிருந்த அதே பழத்தை வலது சக்கரத்துக்கு வைத்தோம். விதை உட்பட நசுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கார்த்தி என்னைத் தன் காரில் கூட்டிப்போனார். புறா விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். பள்ளத்தின் ஓரம் இருவரும் நின்றோம். ரேவதி பின்னைக் கழற்றிவிட்டு ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கினார். இடது சக்கரம் பாறையில் ஏறியது. வலது சக்கரம் கீழே, இன்னும் கீழே இறங்கி, மண்ணைத் தொட்டு, பிடித்து, ஏறியது.

“போச்சு மேஸ்திரி, என் பார்க்கிங் போச்சு,” என்று சொல்லிக்கொண்டே கார்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மேலே வந்த ரேவதி முதலில் செய்தது, இறங்கிப் பின்னைத் திரும்ப மாட்டியதுதான்.

பட்டை ஸ்பிரிங் வண்டி வைத்திருக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். வெளியே மழை கொட்டினாலும் சரி. அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.