கோணலாக விழுந்த கோடு

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பும் வேலைக்குப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் நான். எங்கள் தொழிலில் முதலில் நடுக்கோடு, அப்புறம்தான் மற்றதெல்லாம். தூக்கத்தில் எழுப்பிப் பென்சிலைக் கொடுத்தாலும் நடுக்கோடுதான் போடுவேன்.

மில்லர்புரத்தில் வீடு. அன்று எனக்கு விடுமுறை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மறுநாள் மதுரையில் ஒரு நடனப் போட்டிக்குப் போக இருந்தாள். வருடக்கணக்காக அவள் ஏங்கிய மேடை அது. "அண்ணே, நான் ஆடுததை வரைஞ்சு தாங்க" என்று காலையிலேயே மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள்.

கல் எங்கேயும் ஓடாது. இவள் நிற்கவே இல்லை. கண்ணை வரைவதற்குள் கழுத்து திரும்பிவிடும். கடைசியில் முகமும் வேண்டாம், நகையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, நடுக்கோட்டைப் போட்டு, தாளைப் பார்க்காமல் அவளையே பார்த்துக் கிறுக்கினேன். குனிந்து பார்த்தால், நாலைந்து கோடுகளில் அவள் தாளுக்குள் ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மீன்துண்டுக்கு என்னோடு சண்டை போடுகிறவளா இவள் என்று மலைத்துப் போனேன்.

அதே மாதிரி இன்னும் சில படங்கள் போட்டேன். ஒரே ஒரு குறை. வலது காலை ஊன்றும்போது உடம்பு நடுக்கோட்டில் நேராக நின்றது. அதே அடவை இடது காலில் ஆடும் படம் மட்டும் சாய்ந்தது. அழித்துவிட்டு வரைந்தாலும் அதே கோணல். என் கையை நானே திட்டிக்கொண்டேன்.

மூச்சு வாங்க வந்து எட்டிப் பார்த்தவள், "என்னண்ணே, இதை மட்டும் கோணலா வரைஞ்சிருக்கிய" என்றாள்.

"ஏளா, நீ நேரா ஆடினா நான் ஏன் கோணலா வரையப் போறேன்?" என்று சும்மா சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அம்மாட்ட சொல்லிராதிய. கொஞ்ச நாளாவே பாதம் வலிக்கி. நாளைக்கு மட்டும் ஆடிட்டு வந்திருதேன்."

சொன்னால் மேடை போகும். சொல்லாவிட்டால் காலே போனாலும் போகும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேயில், இடது பாத எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். இன்னும் ஆடியிருந்தால் முறிந்திருக்கும் என்றார் டாக்டர். தங்கை வெகுநாள் என் முகத்தில் விழிக்கவில்லை. அடுத்த வருடம் அதே மேடையில் ஆடினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து வரைந்தேன். எந்தக் காலை ஊன்றினாலும் நடுக்கோட்டை விட்டு அவள் விலகவில்லை.

வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் தப்பிய வலியை, எனக்கே தெரியாமல் என் பென்சில் பிடித்ததை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. இப்போதும் கோடு கோணலாக விழுந்தால், ரப்பரைத் தேடுமுன் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன்.