எதற்கும் பொருந்தும் எழுத்து

எங்கள் ஊரில் அந்த எழுத்து இல்லாத தெரு இப்போது இல்லை. மருந்துக்கடைப் பலகையில் இருக்கிறது. பிரியாணிக்கடை மெனுவில் இருக்கிறது. தவளக்குப்பம் சந்திப்பில் யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கு வைத்த பேனரில், அவருடைய பல்வரிசைக்குக் கீழே இருக்கிறது. போன வாரம் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் இருந்தது. செத்தவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் ‘ஞ்’ எழுத்தின் கழுத்தைத்தான் பார்த்தேன். நான் வளைத்த கழுத்து. பார்த்ததும் வயிறு எரிந்தது. பாவம், போனவருக்காக எரியவில்லை.

கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும்போது ஃபான்ட் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். இந்த ஃபான்டில் இருக்கும் தமிழ் எழுத்து அத்தனையையும் வரைந்தவள் நான். யார் செய்தது என்று தேடிப் பார்த்தால் என் தோழியின் பெயர் மட்டும் வரும். எனக்குப் பட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். ‘தமிழ் இவள் வரைந்தது’ என்று நாலு பேர் முன்னால் அவள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும் என்றிருந்தேன். இதை அவளிடம் கேட்டதில்லை. இப்படி ஒன்றைக் கேட்டு வாங்குவதைவிடக் கேவலம் வேறில்லை என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

அவளும் நானும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். அவளுடையது சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பள்ளிப்படிப்பு முழுக்கப் பிரெஞ்சில்தான். தமிழ் பேசுவாள், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவாள். படிக்க மட்டும் வராது. பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாள். அது ஒரு குறையாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை. அவளுக்கு வந்த தமிழ்க் கடிதத்தை நான் படித்துச் சொல்வேன், எனக்கு வந்த பிரெஞ்சு மெயிலை அவள் படித்துச் சொல்வாள். கல்லூரி முடித்ததும், பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்த அவள் வீட்டு மாடியில் அவள் ஒரு டிசைன் ஸ்டூடியோ ஆரம்பித்தாள். என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

பாரீஸ் கம்பெனி ஒன்று எங்களிடம் ஒரு எழுத்துக் குடும்பம் கேட்டது. பிரெஞ்சும் தமிழும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். கோட்டு நுனிகளில் வாலும் குஞ்சமும் கூடாது. எங்கும் ஒரே தடிமனாகத் தெரிய வேண்டும். செல்போன் திரை, ஆஸ்பத்திரிப் பலகை, புத்தகம் என்று எங்கே வைத்தாலும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. எதற்கும் பொருந்த வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் எதிர்பார்த்தார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு எழுத்துகளை அவள் வரைந்தாள், பிரமாதமாக வரைந்தாள். சில மாதங்களில் முடித்தும் விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “தமிழ் உன்னுதுடி. நான் கையே வைக்க மாட்டேன்” என்றாள். சொன்னபடியே கை வைக்கவில்லை.

தமிழ் வருஷக்கணக்கில் இழுத்தது. ‘இ’ என்ற ஒற்றை எழுத்துக்குள் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் ஒரே தடிமனில் போட்டால் நடுவில் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒரே தடிமனாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்தில் கோட்டைத் திருட்டுத்தனமாக இளைக்க வைக்க வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. இளைக்க வைத்து, அச்செடுத்து, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி உட்கார வேண்டும். அவள் அந்தத் தாள்களைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாள். கனம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் அது. அவளுக்கு நேராகப் பிடித்தாலும் ஒன்றுதான், தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான். ஆனாலும் அடைப்பு எங்கே இருக்கிறது என்று டக்கென்று விரல் வைப்பாள். அந்தக் கண் எனக்கு அப்போது பிடித்திருந்தது.

வரைந்த எழுத்தைச் சோதிக்க ஏதாவது தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். அதற்கென்று மற்றவர்கள் வைத்திருக்கும் வாக்கியங்கள் எனக்கு அலுத்துப்போய்விட்டன. மனதில் ஓடுவதை அப்படியே அடிக்க ஆரம்பித்தேன். கேஸ் தீர்ந்துபோச்சு என்று அடிப்பேன். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காங்க என்று அடிப்பேன். என் வாய் இருக்கிறதே, அதை வீட்டில் அடக்கி வைத்ததெல்லாம் ஸ்டூடியோவில் எழுத்தாக வந்தது. படிக்கத்தான் அங்கே ஆள் கிடையாதே. அவளுக்கு வராது. பிரான்சிலிருந்து வந்து போகும் பயிற்சி மாணவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

முடிந்தது. எல்லாக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு அவள் பாரீஸ் போனாள். கம்பெனி எனக்கும் விமான டிக்கெட் தரத் தயாராக இருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். “உனக்கு விசா அலைச்சல் எதுக்குன்னு நானே வேணாம்னுட்டேன்” என்றாள், எனக்கு ஏதோ உபகாரம் செய்ததைப் போல.

வெளியீட்டு விழா அன்று போனுக்குப் படம் அனுப்பினாள். வெள்ளைச் சுவர், அதில் ஆள் உயரப் போஸ்டர், பக்கத்தில் அவள். போஸ்டரில் மேலே பிரெஞ்சில் ஏதோ ஒரு வரி. கீழே தமிழ். ‘கண்ணும் கழுத்தும் போச்சு. இத்தனை எழுத்தையும் போட்டது நான்தான்னு ஒரு நாளைக்கு அவ வாயாலயே சொல்லுவா.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘வடிவமைப்பு’ என்று பிரெஞ்சில் போட்டு அவள் பெயர்.

சோதனைக்காக நான் அடித்த வரி அது. கழுத்து வலி தாங்காமல் ஒரு சாயங்காலம் முணுமுணுத்ததை அப்படியே அடித்து வைத்திருந்தேன். பாரீஸில் யாரோ வளைவு நன்றாக இருக்கிறதே என்று அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அவளும் சரி என்றிருக்கிறாள். என் கணவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“உன் புலம்பலத் தூக்கி ஃபாரின்ல மாட்டிட்டாளே!” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “அவளுக்கு போன் பண்ணி இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லிடு” என்றார்.

நான் சொல்லவில்லை. பாரீஸில் தமிழர்களுக்கா பஞ்சம்? யாராவது படித்துச் சொல்லுவார்கள், அவளுக்கு உறைக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த விழாவுக்கு எந்தத் தமிழரும் போகவில்லை போலிருக்கிறது. அவள் சாக்லேட்டோடு திரும்பி வந்தாள். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி திறந்துவிட்டது. எங்கள் ஊர் பிளெக்ஸ் கடைக்காரர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து இங்கேயே ஒரு கண்காட்சி வைத்தார்கள். கடற்கரைக்குப் பக்கத்தில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய வீட்டுக் கூடத்தில். “நீ வராம எப்படிடி? கண்டிப்பா வந்துடு, நேரத்தோட வா” என்று அவளே போன் செய்தாள். அந்த ‘நீ வராம எப்படி’ என்பதை நான் எத்தனை விதமாக அர்த்தப்படுத்திக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்டும் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அதே போஸ்டர் சுவரில் இருந்தது. பாரீஸ் படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. இந்த முறை கூடத்தில் பாதிப் பேர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்.

அவள் முதலில் பிரெஞ்சில் பேசினாள், பிறகு தமிழில். கம்பெனிக்கு நன்றி சொன்னாள். தாத்தாவுக்குச் சொன்னாள். எங்கள் ஊர்த் தெருக்களின் நீலப் பெயர்ப்பலகைகளுக்குச் சொன்னாள். கடலுக்குச் சொன்னாள். கடலுக்கு! அது ‘இ’யின் வயிற்றை எந்த அளவுக்கு இளைக்க வைத்ததென்று எனக்குத் தெரியாது. என் பக்கம் பார்த்துச் சிரித்தாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். “எல்லாரும் ஜூஸ் எடுத்துக்குங்க, மெர்சி” என்று முடித்துவிட்டாள்.

ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளைக் கூப்பிட்டு, “இந்தக் கவிதை யாரும்மா எழுதினது?” என்று கேட்டார்.

கவிதை என்று கேட்டதும் அவள் சுதாரித்துக்கொண்டாள். “எங்க ஸ்டூடியோலயே எழுதினதுதான் சார்.”

“அபாரம்மா. பெயர் வெளியே வராத எல்லாப் பெண்களோட குரலும் இதுல இருக்குது. ரெண்டே வரி!” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவள் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற என்னை அவர் அப்போதுதான் கவனித்தார். “நீங்க யாரும்மா?”

நான் வாயைத் திறக்குமுன் அவளே பதில் சொன்னாள். “என் ஃப்ரெண்டு சார். எனக்குத் தமிழ் படிச்சிக் காட்டுவா.”

பொய் ஒன்றும் சொல்லவில்லை, படித்துக் காட்டுகிறவள்தான் நான். அத்தனை வருஷத்தை அந்த ஒரு வேலைக்குள் மடித்து வைத்துவிட்டாள்.

“அப்படின்னா நீங்களே எல்லாருக்கும் படிச்சிக் காட்டுங்களேன்” என்றார் பேராசிரியர். அவரே போய் மைக்கை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். கூட்டம் திரும்பியது. அவளும் ஆவலாகத்தான் பார்த்தாள். தன் போஸ்டரில் என்ன இருக்கிறதென்று அவளும் முதல் தடவையாகக் கேட்கப்போகிறாள்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன். “கண்ணும் கழுத்தும் போச்சு. இத்தனை எழுத்தையும் போட்டது நான்தான்னு ஒரு நாளைக்கு அவ வாயாலயே சொல்லுவா.”

அவளுக்குப் படிக்கத்தான் வராது, காது நன்றாகவே கேட்கும். பாதியிலேயே முகம் மாறிவிட்டது. அந்த ‘அவ’ யாரென்று அந்தக் கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, அதையும் பார்த்தேன். சொல்லுடி, சொல்லிடு என்று எனக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அவள் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் கைதட்ட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.