கேபிளின் மறுமுனை

பச்சிளம் குழந்தைகள் பிரிவின் இரண்டு அறைகளும் காலியாக இருந்தபோதே அந்தத் தவறு கண்ணில் பட்டது. குழந்தைகள் உள்ளே வந்த பிறகு பட்டிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிஸ்டம் டெக்னீஷியனாக இருக்கிறேன். அப்போது என் மகன் கைக்குழந்தை. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியிருந்தேன். வாடிப்பட்டியிலிருந்து பஸ் கிளம்புவதற்குள், கேஸை அணைத்தேனா என்று மாமியாருக்கு போன் போட்டுவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

1. முனைகள்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேபிளின் முனையைப் பார்த்துப் பழக வேண்டும். மூன்று துளை உள்ள தடித்த கருப்பு முனை என்றால் பவர் கேபிள். சிபியுவுக்கும் மானிட்டருக்கும் பெரும்பாலும் அதேதான். நீல முனையும் இரு பக்கமும் திருகும் இருந்தால் விஜிஏ. பழைய மானிட்டர்களுக்குப் போகும். தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருந்தால் எச்டிஎம்ஐ, அதுவும் திரைக்குத்தான். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் முனையும், உள்ளே போனதும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் கிளிப்பும் இருந்தால் லேன் கேபிள். நெட்வொர்க் சுவிட்சுக்குப் போகும். ஒரு முனை தட்டை, மறுமுனை சதுரம் என்றால் பிரிண்டரின் யுஎஸ்பி.

ஒன்றுக்கான துளையில் இன்னொன்று நுழையாது. நுழைந்துவிட்டால் சரியாக மாட்டிவிட்டோம் என்றே நானும் நம்பியிருந்தேன்.

2. படம் வருது

அந்தப் பிரிவில் எதிரெதிராக இரண்டு அறைகள். நடுவில் நர்ஸ்கள் உட்காரும் மேசை. மேசைக்கு மேலே சுவரில் இரண்டு திரைகள். இடது அறைக் குழந்தைகளின் இதயத் துடிப்பும் ஆக்ஸிஜன் அளவும் இடது திரையில் ஓடும், வலது அறைக்கு வலது திரை. இரண்டு அறையிலும் படுக்கைகளுக்கு ஒன்று, இரண்டு என்றே எண்கள். கண்ணாடிக் கதவு மூடியிருக்கும்போது உள்ளே அலாரம் அடித்தால் எந்த அறை என்று காதால் சொல்ல முடியாது. நர்ஸ் திரையைப் பார்த்துத்தான் ஓடுவார்.

பெயின்ட் அடிப்பதற்காகத் திரைகளைக் கழற்றியிருந்தார்கள். திரும்ப மாட்ட என்னையும் பாண்டி அண்ணனையும் அனுப்பினார்கள். அவர் என் சீனியர். மேசைக்குக் கீழே இரண்டு சிபியு, அறைக்கு ஒன்று. சுவரில் ஒரே குழாயிலிருந்து இரண்டு எச்டிஎம்ஐ கேபிள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் கருப்பு, ஒரே நீளம். அவர் மேலே மாட்டினார், நான் கீழே மாட்டினேன். இரண்டு திரையிலும் படம் வந்தது. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள். அறைகளில் யாரும் இல்லையே.

பொறுப்பு நர்ஸ் ஜெயா சிஸ்டர் வந்து நின்றார். "முடிஞ்சுதா பாண்டி? பிள்ளைகள எல்லாம் மேல ஒரே ரூம்ல அடைச்சு வச்சிருக்கேன். இன்னும் எம்புட்டு நேரம்?"

"முடிஞ்சது சிஸ்டர். படம் வந்திருச்சு."

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் பெஞ்சில் ஒரு பெண். பிரசவமாகிச் சில நாள்தான் இருக்கும், காதை மூடித் துண்டைக் கட்டியிருந்தார்.

"எம்பிள்ளய இந்த ரூமுக்குத்தான் மாத்தப் போறாகளாம். குறமாசம். ஒயரெல்லாம் சரியா இருக்காம்மா?"

'இருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. படம் வந்தது எனக்குத் தெரியும். எந்த அறையின் படம் என்று தெரியாது.

"பாத்துட்டு வந்து சொல்றேன்மா."

3. விரல்

"மறுபடி என்ன தாயி?" என்றார் பாண்டி அண்ணன். "வீட்டுல அடுப்ப அணைக்கலையா?"

"இல்லண்ணே. ஒரே ஒரு தடவ பாத்துருவோம்."

"படம் வருதுல்ல? இன்னும் என்னத்தப் பாக்க? சிஸ்டர் கத்தப் போகுது."

"கத்தட்டும்ணே. திட்டு நான் வாங்கிக்கிறேன்."

ஜெயா சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் இடது அறைக்குள் வந்து, இரண்டாம் படுக்கையின் சென்சாரை என் விரலில் சுற்றினார். நகத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. தேவையில்லாமல் எல்லோரையும் நிறுத்தி வைக்கிறேனோ என்று அப்போதும் தோன்றியது.

"தெரியுதா பாண்டி?" கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி சிஸ்டர் கேட்டார்.

"தெரியுது சிஸ்டர். நூத்திப் பத்து ஓடுது. ஏம் தாயி, இந்த அடி அடிக்குது..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்ன பாண்டி?"

"வலது திரையில ஓடுது."

சிஸ்டர் கதவை விட்டுவிட்டுப் போய்த் திரையை நிமிர்ந்து பார்த்தார். பாண்டி அண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து இரண்டு முனைகளையும் மாற்றினார். பிறகு நான் வலது அறைக்கும் போய் விரலை நீட்டினேன். இடது கேபிளின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப், வலதில் சிவப்பு டேப் சுற்றினோம். மேலே மாறியதா, கீழே நான் மாட்டியதில் மாறியதா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குழந்தைகளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். நான் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இடது திரையில் இரண்டாம் படுக்கையின் எண் சிவந்து இறங்கத் தொடங்கியது. அலாரம். ஜெயா சிஸ்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது அறைக்குள் ஓடினார். குறைமாதக் குழந்தைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துபோகும். அவர் அந்தச் சின்னப் பாதத்தைத் தேய்த்துவிடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எண் மெல்ல ஏறியது. யார் குழந்தை என்று எனக்குத் தெரியாது.

வெளியே அந்தப் பெண் எழுந்து நின்றார். "சரியா இருக்காம்மா?"

"இருக்கும்மா. பாத்துட்டேன்."

கேபிளின் முனை, எந்தத் துளையில் நுழையும் என்பதை மட்டும் சொல்லும். மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். பஸ் ஏறியதும் மாமியாருக்கு போன் போட்டு, பிள்ளையின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு நல்லா வருது என்று சொன்னார்.