காற்றுத் தொட்டியில் ஓட்டை

என் மனைவி ஸ்கூட்டரோடு விழுந்தது தேவாரம் போகும் சாலையில், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடையில். முழங்கால் சிப்பி இரண்டாக உடைந்துவிட்டது. தேனியில் ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். காயம் ஆறியது, எலும்பும் கூடியது, கால் மட்டும் மடங்க மறுத்தது. அவள் தையல்காரி. கால் மடங்காமல் மிஷினுக்கு முன்னால் உட்காரக்கூட முடியாது.

"மூணு வாரம் டைம் தர்றேன்மா. தொண்ணூறு டிகிரி மடங்கணும். இல்லேன்னா மறுபடி அட்மிட் பண்ணி, மயக்கம் குடுத்து நாங்களே மடக்கிவிட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

விழுந்தபோதுகூட அழாதவள் அன்று எங்கள் ஊர் உத்தமபாளையம் வரும்வரை பஸ் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. ஆறுதல் சொல்லப் போய்ச் சண்டையில் முடிப்பது என் வழக்கம்.

பிசியோதெரபி செய்கிற பெண்தான் யோசனை சொன்னது. தண்ணீருக்குள் உட்கார்ந்து மடக்கினால் வலி குறைவாக இருக்குமாம். பெண்கள் இறங்குகிற மாதிரி நீச்சல் குளத்துக்கு நான் எங்கே போக? ஆற்றில் இறக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆன்லைனில், குழந்தைகள் விளையாடுகிற, காற்றடித்து உப்பவைக்கிற பிளாஸ்டிக் குளம் ஒன்றை வாங்கினேன். மூன்று வளையம், நீல நிறம், அடியில் மீன் படம். கொல்லையில் விரித்து, மிதி பம்பால் ஊதி, தண்ணீர் விட்டு, இவளைத் தோளில் தாங்கி உள்ளே உட்கார வைத்தேன். நாற்பது வயதுக்காரி மீன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "யாராவது பாத்தா மானம் போயிரும்" என்று சிரித்தாள். முதல் வாரத்தில் கால் அறுபது வரை மடங்கிவிட்டது.

எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணீர் வருகிற காலையில் பழையதைக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பதுதான் இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. குளத்தையும் நான் அப்படியே கவனித்துக்கொண்டேன். கோடை விடுமுறை. அறிவியல் வாத்தியாருக்கு வேறு என்ன வேலை?

இரண்டாவது வாரம் தொடங்கிய அன்று காலையில் போய்ப் பார்த்தால் குளத்தில் முக்கால்வாசித் தண்ணீரைக் காணோம். கொல்லை முழுக்கச் சேறு. மிச்சத்தில் கால் நனையும், மடங்காது. எனக்குத் தலைக்கு மேல் கோபம். முதலில் குளம் விற்றவனைத் திட்டினேன். அடுத்து, மதிலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனை கண்ணில் பட்டது. நகத்தால் கிழித்திருக்கும் என்று முடிவுகட்டி, மதிலோரம் நின்று சத்தம் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, எங்க பூன தண்ணியக் கண்டாலே ஓடும். அது நீந்தவா அங்கன வருது?"

"நீந்த வரலக்கா, கிழிக்க வருது!" என்றேன். அவர் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு நானே வைத்தியத்தில் இறங்கினேன். குளத்தோடு வந்த ஒட்டுத் துண்டுகளை அட்டைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தேன். அதனால் சைக்கிள் டியூபுக்குப் போடுகிற சொல்யூஷனையும் ரப்பர் துண்டையும் வாங்கிவந்து, ஓட்டை என்று எனக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் அப்பினேன். மறுநாள் ஒட்டு எல்லாம் இலை மாதிரி மிதந்தது. இதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. காலை மடக்கிப் பார்த்தாள், ஐம்பதிலேயே நின்றுவிட்டது.

"நீங்க தள்ளுங்க. நான் பாக்குறேன்" என்றாள்.

அடுத்து அவள் செய்ததை நான் இன்றைக்கும் வகுப்பில் சொல்கிறேன், யார் செய்தது என்று மட்டும் சொல்வதில்லை. குளத்தில் நாலு விரல் தண்ணீர் மட்டும் விடச் சொன்னாள். அலை அடங்கும்வரை என்னைக் கிட்ட வரவிடவில்லை. வளையத்தின் மேல் குப்புறச் சாய்ந்துகொண்டாள், மடங்காத கால் பின்னால் பெஞ்சில் நீட்டிக் கிடந்தது. கண் மருந்துக் காலிப் பாட்டிலில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வைத்திருந்தாள். அதைத் தண்ணீரின் அடியில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். நீலம் சும்மா கலங்கி நின்றால் அந்த இடம் சரி. எங்கேயாவது நூல் மாதிரி நீண்டு கீழே இறங்கினால், அங்கே ஓட்டை. அங்கே ஒரு சட்டை பட்டனை வைப்பாள். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தாள். அழுத்தம், கசிவு என்று இருபது வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினேழு பட்டன். குண்டூசி முனை அளவு ஓட்டைகள், பக்கம் பக்கமாக, பாதி வட்டம் பாதி வட்டமாகப் போயின. அவள் கொஞ்ச நேரம் அந்தப் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிக் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பூனதானே?" என்றேன்.

"எதுவோ குத்தியிருக்கு. தண்ணிய மெதுவா மொண்டு ஊத்துங்க, பட்டன் நகரக்கூடாது."

ரெக்சின் பை தைத்த காலத்தில் பழகிய சீட் கவர் கடைக்கு அவளே போன் செய்து பசை வரவழைத்தாள். குளம் வந்த பிளாஸ்டிக் பையை நான் எறிந்திருப்பேன், அவள் அதில் வெட்டுத்துணி போட்டு வைத்திருந்தாள். அந்தப் பையிலிருந்து காசு அளவில் வட்டம் வட்டமாக வெட்டினாள். சதுரமாக வெட்டினால் சீக்கிரம் முடியுமே என்றேன். "மூல இருந்தா அங்கன இருந்துதான் உரியும்" என்றாள். இடத்தைத் துடைத்துக் காயவைத்து, துண்டிலும் குளத்திலும் பசை தடவி, விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தினாள். ஒவ்வொன்றின் மேலும் கனம் வைத்தாள்: இஸ்திரிப் பெட்டி, அம்மிக் குழவி, என் பாடப் புத்தகங்கள். ஒரு முழு நாள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நாள் போகிறதே என்று நான்தான் தவித்தேன், அவள் தவிக்கவில்லை.

மறுபடி தண்ணீர் விட்டபோது ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அவளை எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும், இவ்வளவு பொறுமைசாலி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசுக்குள் கும்பிட்டேன். வெளியே, "பரவாயில்லையே" என்றேன்.

தண்ணீர் வருகிற நாளில் குளத்தைத் துடைக்க என் பழைய வேட்டியைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். கேள்வி கேட்காமல் துடைத்தேன். காலையும் மாலையும் அவள் தண்ணீருக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். எழுபது. எழுபத்தைந்து. எண்பதில் மூன்று நாள் நின்றது. சூடு ஆறினால் கால் பிடித்துக்கொள்கிறது என்று, வெந்நீர் சுமந்து ஊற்றுவது என் வேலை ஆயிற்று.

தேனியில் டாக்டர் அளவுகோலை முழங்காலில் வைத்தார். அவள் சேலைத் தலைப்பைக் கடித்தபடி மடக்கினாள். அவர் குனிந்து பார்த்தார். "தொண்ணூத்தி ரெண்டு. மயக்கமெல்லாம் வேண்டாம்மா, போயிட்டு வாங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது மெல்ல ஆரம்பித்தாள். "ஒண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது. அது பூனை இல்ல."

"பின்ன?"

"வெளக்கமாறு."

முதலில் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. தொட்டி கழுவுவதென்றால் இங்கே தென்னை ஈர்க்கு விளக்குமாறுதான். ஒருநாள் விட்டு ஒருநாள், குனிந்து நின்று, கையைப் பாதி வட்டமாக வீசி வீசி, ஈர்க்கு முனைகளால் அந்த மீன்களை நான்தான் தேய்த்திருக்கிறேன். பட்டன் வைத்த அன்றைக்கே கண்டுபிடித்து, விளக்குமாறை ஒளித்துவைத்துவிட்டு, கையில் வேட்டியைக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் அவளே போய்ப் பூனைக்காக மன்னிப்புக் கேட்டாளாம், அந்தக் காலோடு.

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீக. அந்த ரெண்டு நாள என் காலுக்கு யாரு திருப்பிக் குடுக்குறது?"

டாக்டர் மூன்று வாரம்தான் கொடுத்திருந்தார். அதில் என் கோபத்துக்கு எவ்வளவு போகும் என்று அவள் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் கம்பம் பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. தாங்கிப் பிடிக்க நான் கையை நீட்டினேன். அதற்குள் அவள் கம்பியைப் பிடித்து, ஆபரேஷன் ஆன காலைத் தூக்கி முதல் படியில் வைத்து ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கைப்பை ஆடியது. "இங்கன வாங்க, எடம் போட்டுட்டேன்" என்று கூப்பிட்டாள். நான் நீட்டிய கையோடு கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.