கட்டம் போட்ட சட்டைப் பாட்டு

வேன் கரிக்கலாம்பாக்கத்தில் நின்று கிளம்பியபோதுதான் என் ஃபோனில் அந்த வாசகம் வந்தது. நான் கேட்கிற பிளேலிஸ்ட் இப்போது இல்லை என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொல்லியது. நெட் போயிருக்கும் என்று நினைத்து ஃபோனை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே மரியாதை. அப்போதுதான் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த செக்கிங் அக்கா, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு தன் ஃபோனில் தேடினார். அதிலும் இல்லை. வெளியே, போன வருடம் வரை நெல் நின்ற வயலில் மனைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக நாங்கள் சேர்த்து வைத்த பாட்டுகள் அத்தனையும் ஒரே காலையில் போய்விட்டன என்று எனக்குப் புரிய, வில்லியனூர் வரை ஆயிற்று.

நாங்கள் மூன்று பேர். ஏற்றுமதிக்குத் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை. அக்கா செக்கிங்கில் இருந்தார். தைத்து வருகிற துணியில் நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்க்கிற வேலை. நானும் கடற்கரைக்காரியும் பேக்கிங்கில் இருந்தோம். அவளுக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். வேலைக்காக வில்லியனூரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அத்தைக்கு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். அவளுடைய பெருங்குரல் அத்தையிடமிருந்து வந்ததா, அலைக்கு மேலே கத்திப் பேசிய பழக்கத்திலிருந்து வந்ததா தெரியாது. அவள் ரகசியம் பேசினால் தையல் லைன் முழுக்கக் கேட்கும்.

பேக்கிங்கில் எங்கள் கண்ணுக்கு எப்போதும் தெரிவது அட்டைப்பெட்டியும் அதில் ஒட்டுகிற ஊர்ப் பெயரும்தான். ஒரு வாரம் முழுக்கக் கட்டம் போட்ட சட்டைகளாக மடித்துக்கொண்டிருந்தோம். ஸ்டிக்கரில் இருந்த நாடு ஆப்பிரிக்காவில் இருக்கிறதா அமெரிக்காவில் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை, சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை. கடற்கரைக்காரி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ சட்டை போவுதே, இதப் போட்டுக்கினு அந்த ஊரு ஆளுங்க இன்னா பாட்டுக்குடி ஆடுவாங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த நாட்டின் பெயரைப் போட்டுத் தேடி, மறுநாள் காலையில் ஒரு பாட்டோடு வேனில் ஏறினாள். ஒரு இயர்போன் எனக்கு, இன்னொன்று அக்காவுக்கு. அவள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலில் ஒரு கிடார் மட்டும், அப்போதுதான் தூங்கி எழுந்தது மாதிரி. பிறகு தாளம் வந்து அதை இழுத்துக்கொண்டு போகும். நடுவில் பாடிக்கொண்டிருக்கிற பெண் சட்டென்று சிரித்துவிடுவாள். அது பாட்டுக்காகச் சிரித்த சிரிப்பா, நிஜமாகவே வந்த சிரிப்பா என்று நாங்கள் மூன்று பேரும் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறோம். அக்காவின் கால் டிபன் பைக்குக் கீழே ஆடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் பாட்டுப் போடுகிற மாதிரி ஒரு பிளேலிஸ்ட்டை அன்றைக்கே கடற்கரைக்காரி தன் ஃபோனில் தொடங்கினாள். சட்டமும் அவளே போட்டாள். எந்த நாட்டுக்குப் பெட்டி போகிறதோ அந்த நாட்டுப் பாட்டுதான் வர வேண்டும். துள்ளல் இருக்க வேண்டும். அர்த்தம் தேடிப் பார்க்கக் கூடாது. அழுகைப் பாட்டு வேண்டவே வேண்டாம். அதற்கு நம் ஊரிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

பாட்டின் பெயர்களோ எங்களால் படிக்க முடியாத எழுத்தில் இருந்தன, படித்தாலும் வாயில் நுழையாது. அதனால் அந்த வாரம் மடித்த துணியின் பெயரையே பாட்டுக்கு வைத்துவிட்டோம். கட்டம் போட்ட சட்டைப் பாட்டு. பாக்கெட் வைத்த கவுன் பாட்டு. ரிட்டர்ன் வந்த பேன்ட் பாட்டு. இதைக் கேட்டால் மற்றவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். வேன்கார அண்ணன் முதலில் அப்படித்தான் நினைத்தார். "இன்னாம்மா இது, தகர டப்பாவ உருட்டுற மாதிரி கீது" என்று முறைத்தவர், மழைக்காலம் வருவதற்குள் எங்கள் ஃபோனைத் தன் ஸ்பீக்கரில் இணைத்து, பேன்ட் பாட்டு வந்தால் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கும் அளவுக்கு வந்துவிட்டார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மடிக்கிற வேலை அது. அந்த வேன் பயணம் மட்டும் இல்லாவிட்டால் நான் எப்போதோ வேலையை விட்டிருப்பேன். அவள் ஏறுகிற வில்லியனூர் நிறுத்தத்துக்காகவே நான் கரியமாணிக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

அவளுக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை; பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், பாரிஸுக்குப் பக்கத்தில் வீடு. கல்யாணம், விசா, கிளம்புவது எல்லாம் அவசரமாக நடந்தன. அங்கே போய் வேறு ஃபோன் என்று முடிவாகிவிட்டதால், பழைய ஃபோனைத் தம்பிக்குக் கொடுத்தாள். கொடுக்கும் முன்பு அதிலிருந்த தன் கணக்குகளை எல்லாம் ஒழுங்காக அழித்து மூடினாள். வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவி கொடுக்கிற மாதிரி. மூன்று பேரும் பாட்டுப் போட்டாலும் அந்த லிஸ்ட் குடியிருந்தது அவள் கணக்கில்தான் என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவள் விமானம் ஏறிய மறுநாள் காலையில்தான் என் ஃபோன் அவ்வளவு மரியாதையாகப் பேசியது.

புது எண் கிடைத்துப் பேசியபோது அவள் அழுதுவிட்டாள். பிறகு அவளுக்கு மொழி வகுப்பு, வேலை, கைக்குழந்தை. நான் ஓய்வாக இருக்கும்போது அவள் வேலையில் இருப்பாள். பேச்சு குறைந்து, பண்டிகைக்குப் படம் அனுப்புவதோடு நின்றது. எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வில்லியனூரில் வேன் நிற்கும்போது கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. அந்த லிஸ்ட்டை மீட்டுவிட்டால் அவளில் பாதியாவது திரும்பி வந்த மாதிரி என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

பெயர் தெரியாத பாட்டை எப்படித் தேடுவது? எந்தத் துணி எந்த நாட்டுக்குப் போனது என்பதிலிருந்து தொடங்கினோம். அக்காவுக்குத் துணியின் குறைகள்தான் நினைவில் நின்றன. கவுனில் பாக்கெட் கோணிப்போனதே, அதற்காகத் திட்டியது எந்த நாட்டுக்காரன் என்று யோசித்துக்கொண்டே வருவார். வேன்கார அண்ணன் சிக்னலில் நிற்கும்போது, தேடித் தரும் என்று ஃபோனிடம் மெட்டை முனகிக் காட்டுவார். அது ஒவ்வொரு முறையும் ஏதாவது பக்திப் பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். கட்டம் போட்ட சட்டைப் பாட்டு மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. அந்த நாட்டுப் பாட்டுகளாகக் கேட்டுக் கேட்டு, அந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனால் கூட ஆடிவிடலாம் என்கிற நிலைக்கு வந்தபோது, ஒரு சாயங்காலம், வீடு திரும்பும் வேனில், அந்தத் தூக்கக் கலக்கக் கிடார் கேட்டது. நடுவில் அந்தப் பெண் சிரித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். புது லிஸ்ட்டில் அதைத்தான் முதல் பாட்டாக வைத்தேன்.

தன் தம்பி கல்யாணத்துக்கு மகளைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள். வந்த கையோடு, ஒரு நாள் வேனில் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அதே வில்லியனூர் நிறுத்தம், அதே குரல். மகளை அக்கா மடியில் உட்கார வைத்துவிட்டு என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய பாட்டுகளைத் தேடி எடுத்துவிட்டோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, நான் வேன்கார அண்ணனுக்குக் கண் காட்டினேன். பாட்டு தொடங்கியது. அவள் தன் அடுக்குமாடி வீட்டைப் பற்றி, குளிரைப் பற்றி, அங்கே மீன் என்ற பெயரில் விற்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் சிரித்தாள். இவள் பேச்சு நிற்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதும் என் தோளில் தட்டிக் கேட்டாள்.

"எல்லாம் கண்டுபுட்சிட்டீங்க. அந்தக் கட்டம் போட்ட சட்டைப் பாட்டு மட்டும் கெடைக்கலயாடி?"

வேன்கார அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இப்போது ஓடி முடிந்ததே, அது என்ன என்று கேட்டேன்.

"இது இல்லடி. இதுவும் நல்லாத்தான் கீது. ஆனா அது வேற. அந்தக் குளிர்ல, பஸ்ஸுக்கு நிக்கிறப்பல்லாம் அதத்தான் நெனச்சிக்கினு நிப்பேன். எனக்குத் தெரியாதா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தலையாட்டி நிறுத்திவிட்டேன். அவள் கண்ணை மூடி, முன் சீட்டின் முதுகில் விரலால் தட்டி, இப்படி வரும் என்று காட்டினாள். அது எங்கள் லிஸ்ட்டில் எப்போதும் இல்லாத தாளம். நாங்கள் ஊரில் அந்தப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவளும் அங்கே தனியாக நின்று அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்க அது வேறு ஒன்றாகிவிட்டது. அவளிடம் இருந்ததுதான் எங்களுடையதைவிட நல்ல பாட்டாக இருக்கும் என்று கூட எனக்குத் தோன்றியது. கிளம்பும்போது லிஸ்ட்டின் லிங்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பல நாள் அதில் எங்கள் இரண்டு பேருக்குக் கீழே அவள் பெயர் சும்மா இருந்தது. பிறகு ஒரு காலையில், அவள் பெயரில் ஒரு பாட்டு வந்தது. கூடவே, "அது இதுதானா பாருடி" என்று ஒரு வரி. இல்லை. அது யாரோ தாரை தப்பட்டையோடு ஊர்வலம் போகிற மாதிரி ஒரு பாட்டு. வேன்கார அண்ணன் கேட்காமலே சத்தத்தைக் கூட்டினார். லிஸ்ட்டின் முதல் பாட்டுதான் நீ தேடுவது, நம்பாவிட்டால் அக்காவைக் கேள் என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, "இது இல்லடி. தேடு" என்று அனுப்பினேன்.

அதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் வேலை செய்கிற இடத்தில் பல நாட்டு ஆட்களாம். ஒவ்வொருவரையும் விசாரித்து, அவர்கள் ஊர்ப் பாட்டில் எதையாவது பிடித்துப் போடுகிறாள். எல்லாவற்றிலும் துள்ளல் இருக்கிறது, சட்டத்தை மறக்கவில்லை. பாவம்டி, சொல்லித் தொலையேன் என்று அக்கா திட்டுகிறார். சொல்லிவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவாளே அக்கா என்றேன்.

இன்று காலையும் ஒன்று வந்திருந்தது. வில்லியனூரில் வேன் நின்று, ஆள் ஏறி, கிளம்பி, கம்பெனி வாசல் வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். இறங்கும் முன்பு அவளுக்கு எழுதினேன்: "இதுவும் இல்லடி. ஆனா கிட்ட வந்துட்ட."